சுரங்கத்துக்கு மேலே நிலம் ஏன் இறங்குகிறது?



உமா ஓயா சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் தண்ணீர் பீறிட்டது. அதன் பிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. "ஆழத்தில தோண்டினா மேல இருக்கிற செவுரு எப்படீங்க வெடிக்கும்?" என்று லயங்களில் எம்மிடம் கேட்பதுண்டு. அங்கே பாறைக்குள் இருந்த நீர் சுரங்கத்துக்குள் வடிந்தது. நீர் வடியாத இடத்திலும் நிலம் இறங்கும். அது எப்படி என்று பார்ப்போம்.

அரிசிச் சாக்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பாருங்கள். (அம்மா ஏசினால் எங்களைச் சொல்லிவிடாதீர்கள்.) அரிசி கொட்டக் கொட்ட மேலே பள்ளம் விழும். பள்ளம் ஓட்டையை விட அகலமாயிருக்கும். சுரங்கம் தோண்டும்போதும் சுற்றியுள்ள மண் கொஞ்சம் உள்ளே நெருங்கி வரும். அதனால் மேலே நிலம் மல்லாத்தி வைத்த மணியைப் போல இறங்கும். நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. ரால்ஃப் பெக் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1969ல் பல சுரங்கங்களின் அளவுகளைச் சேர்த்து இந்த வடிவத்தை எடுத்துக் காட்டினார்.

பக்கத்திலேயே இன்னொரு சுரங்கம் வந்தால்? இரண்டு பள்ளத்தையும் கூட்டினால் கணக்கு சரி என்றுதான் நாமும் நினைப்போம். ஆனால் முதல் சுரங்கத்தால் அந்த மண் ஏற்கனவே தளர்ந்து போயிருக்கும். இரண்டாவது தோண்டும்போது, முதல் சுரங்கம் இருக்கும் பக்கம் கூடுதலாக இறங்கும். ஆகவே வெறும் கூட்டல் போதாது. மண்ணைச் சிறுசிறு துண்டாகப் பிரித்து, முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று தோண்டும் ஒழுங்கிலேயே கம்பியூட்டரில் கணக்கிடுகிறார்கள்.

கணக்கோடும் விட்டுவிடக் கூடாது. லண்டனில் 1990களில் ஜூபிலி ரயில் பாதைக்காக, பிக் பென் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுரங்கங்களும் ஆழமான நிலையமும் தோண்டினார்கள். கோபுரத்தின் சாய்வை அளந்துகொண்டே இருந்தார்கள். சாய்வு கூடியபோது அடிமண்ணுக்குள் குழாய் வழியாகச் சீமெந்துக் கரைசலைச் செலுத்தி அதைக் கட்டுக்குள் வைத்தார்கள்.

பிக் பென்னுக்குப் பொறியியலாளர்கள் இருந்தார்கள். எமது காம்பராச் சுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வெடிப்பு கண்டால் உடனே பூசி மறைக்காதீர்கள். இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதியை எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால் எம்மிடம் வந்து சொல்லுங்கள், பதிந்து வைப்போம். பக்கத்தில் சுரங்க வேலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், வேலை தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.