ஜெபர்சன் தேடிய ராட்சத விலங்கு

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் என்று தாமஸ் ஜெபர்சனைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். புதைந்து கிடந்த எலும்புகள் மீது அவருக்கிருந்த மோகத்தைப் பற்றி இங்கே சொல்கிறேன்.

பிரெஞ்சு அறிஞர் பூபோன், அமெரிக்க விலங்குகள் பழைய உலகின் விலங்குகளைவிடச் சிறியவை, நலிந்தவை என்று எழுதினார். ஜெபர்சனுக்கு அது நாட்டுக்கே இழுக்காகப் பட்டது. பாரிசில் தூதராக இருந்தபோது, 1787-ல், மூஸ் என்னும் மாபெரும் மானின் எலும்பையும் தோலையும் தாய்நாட்டிலிருந்து வரவழைத்துப் பூபோனுக்கு அனுப்பினார்!

ஒஹையோ ஆற்றுப் பக்கம் யானையை ஒத்த ராட்சத எலும்புகள் கிடைத்திருந்தன. ஜெபர்சன் அதை ‘மாமத்’ என்றார். இன்று மாஸ்டோடான் என்கிறோம். அது வடக்கே இன்னும் உயிரோடு உலவுகிறது என்றே நம்பினார். இயற்கை என்னும் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறுந்து போகாது என்பது அவர் கருத்து.

1797-ல், துணை ஜனாதிபதியான சில நாட்களில், குகையொன்றில் கிடைத்த பெரிய நகங்களைப் பற்றிப் பிலடெல்பியாவில் கட்டுரை அளித்தார். சிங்கத்தைவிடப் பல மடங்கு பெரிய மிருகம் என்பது அவர் ஊகம். அதற்குச் சற்று முன்னர், தென் அமெரிக்காவில் கிடைத்த அதே சாயலுள்ள எலும்புக்கூட்டைப் பற்றி ஒரு பத்திரிகையில் பார்த்தார். அதை மறைக்காமல் கட்டுரையின் இறுதியில் குறிப்பாகச் சேர்த்தார். அது சிங்கமல்ல, ஸ்லாத் என்னும் மந்தகதி விலங்கின் பண்டைய உறவு என்று பின்னர் தெளிவாயிற்று. அதன் விஞ்ஞானப் பெயரில் ஜெபர்சனின் பெயர் இன்றும் இருக்கிறது.

1803-ல், ஜனாதிபதியாக, மேற்கே லூயிஸ், கிளார்க் குழுவை அனுப்பினார். அரிய அல்லது அற்றுப்போன விலங்குகளின் தடயங்களையும் கவனிக்கச் சொன்னார். உயிருள்ள மாமத் எதுவும் தென்படவில்லை. கிளார்க் 1807-ல் கெண்டக்கியில் தோண்டி எடுத்தனுப்பிய சுமார் 300 எலும்புகள் வெள்ளை மாளிகையில் பரப்பப்பட்டன.

1823-ல், எண்பதை நெருங்கிய வயதில், ஜான் ஆடம்சுக்கு எழுதிய கடிதத்தில், சில விலங்கினங்கள் அற்றுப்போய்விட்டன என்று குறிப்பிட்டார்.

நம்பிக்கை இருப்பது தவறல்ல. அதைச் சோதிக்க ஆளனுப்பி, வந்த விடையை ஏற்பதுதான் அறிவு. இளைஞர்களே, ஒரு கேள்வி: ஓர் இனம் அடியோடு மறையவே முடியாது என்று நாமும் இன்று நம்பியிருந்தால், எந்த விலங்கையாவது காக்க முனைவோமா?