ஒளிவழி நழுவாமல் பிடித்த சுற்று

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் முகப்பில் ஒரு சிறு மூடி இருக்கும். திறந்தால் ஒவ்வோர் ஒளிவழிக்கும் ஒரு திருகு. பக்கத்தில் ‘ஏஎஃப்டி’ என்றொரு விசை. தானியங்கி நுண்சீரமைப்பு என்பது அதன் பொருள். பெரும்பாலோர் அதைத் தொட்டதே இல்லை.

சிங்கப்பூரின் ஒளிவழி 5ஐ எடுத்துக்கொள்வோம். படத்தைச் சுமந்து வந்த அலை 175.25 மெகாஹெர்ட்ஸ். பெட்டிக்குள் இருக்கும் அலையியற்றி 214.15இல் இயங்கும். இரண்டையும் கலந்தால் வித்தியாசம் 38.9. எந்த ஒளிவழிக்கு மாற்றினாலும் படம் இந்த 38.9க்கு வந்தாக வேண்டும். அப்போதுதான் வண்ணம் 34.47இலும் ஒலி 33.4இலும் சரியாக அமரும்.

பெட்டி சூடேறும்போது அலையியற்றி மெல்ல நகரும். ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 0.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பிசகிவிடும். கீழே இறங்கினால், வண்ணம் ஒலியைத் தடுக்கும் வடிப்பானை நெருங்கி வெளிறிப்போகும். மேலே ஏறினால், ஒலி அந்த வடிப்பானுக்குத் தப்பிப் படத்துக்குள் புகும். செய்தி வாசிப்பவர் பேசப் பேசத் திரையில் கோடுகள் நெளியும். யூஎச்எஃப் ஒளிவழிகளில் இந்தத் தொல்லை இரண்டு மடங்குக்கும் மேல்.

இதைத் தடுக்க, 38.9க்கு இசைவிக்கப்பட்ட ஒரு சுற்று வந்து சேரும் அலையைக் கண்காணிக்கும். அலை கூடினால் அதன் மின்னழுத்தம் இறங்கும், குறைந்தால் ஏறும். அந்த மின்னழுத்தம் அலையியற்றியில் உள்ள வேரக்டர் டையோடுக்குப் போகும். மின்னழுத்தம் ஏறினால் இந்த டையோடின் மின்தேக்கம் குறைந்து, அலையியற்றியின் அதிர்வெண் உயரும். இறங்கினால் அதிர்வெண் தாழும். இப்படித்தான் நழுவிய அலை திரும்ப இழுக்கப்பட்டது.

ஆனால் பிசகு முழுதாக மறையாது. பிசகு கொஞ்சமாவது இருந்தால்தானே திருத்தும் மின்னழுத்தம் பிறக்கும்? 10 மடங்கு வலுவுள்ள சுற்று, 200 கிலோஹெர்ட்ஸ் பிசகை ஏறத்தாழ 18ஆகச் சுருக்கும். கண்ணுக்கு அது தெரியாது.

வம்பு தொடங்குவதும் இங்கேதான். ஏஎஃப்டி இயங்கும்போது திருகைத் திருப்பினால் படம் அசையாது. சரியாக வைத்துவிட்டதாகத் தோன்றும். திருகோ சுற்றின் பிடி எட்டும் விளிம்பில் நிற்கலாம். மறுநாள் பெட்டியைப் போட்டால் ஒளிவழியே காணாமல் போயிருக்கும். அதனால் முதலில் விசையை அணைத்து, திருகைச் சரிசெய்து, பிறகு விசையைப் போட வேண்டும். சில பெட்டிகளில் மூடியைத் திறந்ததுமே ஏஎஃப்டி அணைந்துவிடும். யோசித்துச் செய்த ஏற்பாடு.

2019இல் சிங்கப்பூரும் மலேசியாவும் முழுதாக இலக்கமுறை ஒளிபரப்புக்கு மாறிவிட்டன. இன்றைய பெட்டியில் ஒரு குவார்ட்ஸ் படிகம் அலையியற்றியைக் கட்டி நிறுத்துகிறது. மிச்சப் பிசகைச் சில்லு கணக்கிட்டுத் திருத்துகிறது. திருகும் இல்லை, மூடியும் இல்லை.