கழுகு குறைந்தால் நாய்க்கடி கூடுமா?

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா, எட்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு என் வைத்தியசாலைக்கு ஓடி வந்தார். "நாய் கடிச்சிடுச்சுங்க ஐயா. மிளகாய்ப் பொடி வெச்சிருக்கோம். ஏதாச்சும் பச்சிலை குடுங்க" என்றார். நான் பச்சிலை கொடுக்கவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கடிவாயைக் கழுவச் சொல்லி, கையோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு கழுகுக் கதை.

சங்கிலி அல்ல, வலை!

புல்லை மாடு தின்கிறது, செத்த மாட்டைக் கழுகு தின்கிறது என்று பள்ளியில் 'உணவுச் சங்கிலி' படித்திருப்பீர்கள். உண்மையில் அது வலை. அதே மாட்டுக்கு நாய், காகம், எலி எல்லாமே பங்காளிகள். ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் இடம் மாறும்.

பிணந்தின்னிக் கழுகைத் தமிழில் 'பாறு' என்பார்கள். ஒரு கூட்டம் இறங்கினால், செத்த மாடு ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்பாகிவிடும். அதன் வயிற்று அமிலம் அடைப்பான் நோய்க் கிருமியைக்கூட அழிக்கும் அளவுக்குக் கடுமையானது.

வலி மருந்து செய்த வினை

1990-களில் இந்தியாவில் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முதுகில் வெள்ளை நிறமுள்ள பாறு இனத்தில், 1992-லிருந்து 2007-க்குள் ஆயிரத்துக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. காரணம் 2004-ல் தெரிந்தது. மாட்டுக்கு வலிக்காகப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து! ஊசி போட்ட மாடு சீக்கிரமே செத்தால் மருந்து அதன் உடலில் தங்கிவிடும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் பழுதாகும். நமக்கு யூரிக் அமிலம் கூடினால் மூட்டு வீங்குகிறது. அதற்கோ உள்ளுறுப்புகள்மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து உயிரே போனது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். வருடக்கணக்காகத் தொடர்ந்த சிறு நஞ்சு அது.

காலி இடம் காலியாக இருக்காது

பாறு விட்ட சாப்பாட்டை யார் சாப்பிட்டது? தெருநாய். பந்தி பெருகியது, நாயும் பெருகியது, வெறிநாய்க்கடி பயமும் கூடவே வந்தது. அழுகிய சடலங்களால் தண்ணீரும் கெட்டது. பாறுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

திரும்ப வருமா?

கால்நடைகளுக்கு இந்த மருந்தை அரசு 2006-ல் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் அவற்றுக்கும் தடை வந்தது. ஆனாலும் பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அறுக்க ஐந்தாறு வருடம் போதும், பின்ன ஒரு தலைமுறை வேண்டும். நம் நீலகிரியில் மோயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன. அதைக் காப்பாற்றுவோம்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. நாய் கடித்தால், நகத்தால் பிறாண்டினாலும், சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

2. அன்றைக்கே தடுப்பூசி போடுங்கள். டாக்டர் சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் முடியுங்கள். நோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன், இதற்குப் பச்சிலையை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

3. மாடு வளர்ப்பவர்கள், பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகாம் மருந்தைப் போடும்படி கால்நடை டாக்டரிடம் கேளுங்கள். வீட்டு மாத்திரையை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

4. இறைச்சிக் கழிவைத் தெருவில் கொட்டாதீர்கள். அதுதான் நாய்க்குப் பந்தி.

அந்தப் பையன் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டு, இப்போது பள்ளிக்கூடம் போகிறான். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பார்கள். இடம் மாறிப் போனாலும் மருந்து நஞ்சுதான்!