உழைப்பைக் கண்ட கலை

நுழையும்முன்
கோட்டையை ஆண்டோரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது, கட்டியோரை மறந்துவிடுகிறது. உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்வைக் கலைப்பொருளாக்கிய இருவரைப் பற்றி அறிவோம்.

செஞ்சிக்குச் செல்வோரை முதலில் எதிர்கொள்பவை பாறைகளே. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்து ஏறத்தாழ 13 கி.மீ. நீளத்திற்கு மதில் வளைந்து செல்கிறது. தேசிங்குராசனின் வீரத்தைக் கதைப்பாடல்கள் போற்றுகின்றன. ஆனால், இப்பாறைகளைப் பிளந்து, சுமந்து, அடுக்கியோர் யாவர்? அவர்தம் முகம் எக்கல்லிலும் இல்லை.

அம்முகத்தைத் தேடிச் சென்றது நவீனக் கலை. சென்னைக் கலைத்தொழிற்பள்ளியின் தலைமைப் பொறுப்பை 1929இல் ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, ஓவியரும் சிற்பியுமாவார். அவர் வடித்த உழைப்பாளர் சிலை 1959இல் மெரினா கடற்கரையில் நிறுவப்பட்டது. நால்வர் ஒரு பெரும்பாறையை நெம்பி நகர்த்த முயல்கின்றனர். ஊன்றிய கால்களிலும் முறுக்கேறிய தசைகளிலும் அவர்களது முயற்சி தெரிகிறது. மன்னர்க்கும் ஆளுநர்க்கும் சிலை எழுப்பிய நகரில், பெயரறியாத் தொழிலாளர் பீடமேறினர்.

கடல் கடந்த தென்னாப்பிரிக்காவிலும் இப்பார்வை தோன்றியது. ஆப்பிரிக்க நவீன ஓவிய முன்னோடிகளுள் ஒருவரான ஜெரார்டு செகோட்டோ (1913–1993), நகர்ப்புறக் குடியிருப்புகளில் வாழ்ந்த கறுப்பின மக்களின் தெருக்களையும் வீடுகளையும் வேலைகளையும் தீட்டினார். அவரது 'மஞ்சள் வீடுகள்' ஓவியத்தை 1940இல் ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் வாங்கியது. கறுப்பின ஓவியர் ஒருவரின் படைப்பு அக்கூடத்தில் இடம்பெற்றது அதுவே முதன்முறை.

'குந்தாலிப் பாடல்' என்னும் அவரது ஓவியத்தில், வரிசையாக நிற்கும் தொழிலாளர் ஒரே தாளத்தில் குந்தாலிகளை ஓங்குகின்றனர். நம் நாட்டில் பாரம் இழுப்போர் 'ஐலசா' எனக் குரல் கொடுப்பதை இது நினைவூட்டும். அவர்களுக்குப் பின்னால், புகைக்குழாயுடன் வெள்ளைக் கண்காணி ஒருவர் நிற்கிறார். கைகளில் வேலை இல்லை. அதிகாரம் மட்டும் உண்டு. எனினும், ஓவியத்தை நிறைப்போர் உழைப்பவர்களே. 1947இல் பாரிசுக்குச் சென்ற செகோட்டோ தாயகம் திரும்பவே இல்லை. அவர் தீட்டிய மக்களோ அங்கேயே உழைத்துக்கொண்டிருந்தனர்.

ராய் சௌத்ரியின் சிலை உழைப்பின் வலிமையைக் காட்டுகிறது. செகோட்டோவின் ஓவியமோ, அவ்வுழைப்பை ஆள்பவர் யார் என்றும் காட்டுகிறது. இவ்விரு பார்வைகளையும் உடன்கொண்டு செஞ்சி மதிலைக் காண்போமாயின், ஒவ்வொரு கல்லின் பின்னும் ஒரு தோள் தெரியும்.

கற்பவை கற்றபின்...
உங்கள் ஊரில் நாள்தோறும் காணும் உழைப்பாளர் ஒருவரை ஓவியமாகத் தீட்டி, அவரது பணியைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.