லினக்ஸ் மேல ஏன் கோபம் வருது?



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் விண்டோஸ் 11 போட முடியாது. எங்க அக்கா லேப்டாப்பும் அப்படித்தான். புதுசு வாங்க வீட்டில் பணம் இல்லை. தூக்கிப் போடவும் மனசு வரலை. அதனால் லினக்ஸ் போட்டோம். முதல் வாரம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே எரிச்சல்! ஒவ்வொரு எரிச்சலுக்கும் காரணம் என்னன்னு தேடிப் படித்தேன். காரணம் தெரிந்ததும் பாதிக் கோபம் போய்விட்டது.

லினக்ஸ் என்றால் என்ன?

பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். நம் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது.

எரிச்சல் 1: சி டிரைவ், டி டிரைவ் எங்கே?

நம்ம டவுன்ஷிப்பில் வட்டம் எண் சொன்னால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். விண்டோஸ் அப்படி. கிராமத்தில் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, அங்கிருந்து பிரியும் தெருவைக் கேட்டுக் கேட்டுப் போகணும். லினக்ஸ் அப்படி. எல்லாமே ஒரே 'வேர்' அடைவில் இருந்து கிளை பிரியும். நம் ஃபைல்கள் 'ஹோம்' என்ற கிளையில் நம் பெயரில் இருக்கும்.

எரிச்சல் 2: பாஸ்வேர்டு விழவே மாட்டேங்குது!

கறுப்புத் திரையில் (டெர்மினல்) பாஸ்வேர்டு அடித்தால் பெரும்பாலும் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு அக்கா நினைச்சாங்க. பின்னாடி நிற்பவர் எத்தனை எழுத்து என்று எண்ணக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அடித்துவிட்டு என்டர் தட்டினால் போதும்.

எரிச்சல் 3: பழைய சிடியில் உள்ள புரோகிராம் ஓடலை!

டாட் இ.எக்ஸ்.இ. என்று முடிபவை விண்டோஸுக்காகச் செய்தவை. லினக்ஸில் 'சாஃப்ட்வேர்' பட்டியலில் தேடி எடுக்க வேண்டும். வேர்டு, எக்செல் வேலைக்கு 'லிப்ரே ஆஃபீஸ்' இருக்கிறது.

எரிச்சல் 4: தமிழ் ஃபைலில் ஒரே கிறுக்கல்!

எங்களை அதிகம் அழவைத்தது இதுதான். அக்கா டைப் செய்து வைத்திருந்த தமிழ்க் குறிப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தன. எல்லாம் அழிந்துபோச்சுன்னு பயந்தோம். எதுவும் அழியவில்லை. அவை பாமினி என்ற பழைய எழுத்துருவில் டைப் செய்தவை. அதில் 'அ' அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது 'எம்' என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தின் எண் 109. பாமினி அதன்மேல் 'அ' வடிவத்தைப் போர்த்திக் காட்டும். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகி 'எம்' தெரியும். விண்டோஸிலும் பாமினி இல்லாவிட்டால் இதே கதைதான். யுனிகோடில் 'அ'வுக்குச் சொந்தமாக எண் 2949 இருக்கிறது. அதனால் எங்கே திறந்தாலும் 'அ'தான். தமிழக அரசு 2010-ல் யுனிகோடைத் தரமாக அறிவித்தது. பழைய ஃபைலை யுனிகோடாக மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அக்காவின் குறிப்புகள் முழுசும் திரும்பி வந்துவிட்டன!

எரிச்சல் 5: பிரிண்டர்

இதற்கு மட்டும் எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. பிரிண்டர் செய்யும் கம்பெனி லினக்ஸுக்கு டிரைவர் கொடுக்காவிட்டால், வேறு யாராவது எழுதியிருந்தால்தான் உண்டு. பிரிண்ட் எடுக்க இப்பவும் கடைக்குத்தான் போகிறோம்.

இதில் நமக்கு என்ன பாடம்?

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸ், பாஸ் இரண்டும் இருந்தன. இரண்டும் இருந்தால் பழகியதைத்தான் கை தேடும். கேரளாவில் 2001-ல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தில் ஆசிரியர்களுக்கு லினக்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் பாடப்புத்தகத்தையும் அதை வைத்தே எழுதினார்கள். அங்கே பிள்ளைகளுக்கு அது சாதாரண விஷயம். நம்மைவிட அவர்கள் அறிவாளிகள் என்பதில்லை. கேட்டால் சொல்ல பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

மாற நினைப்பவர்கள் கவனிக்க:

1. முதலில் எல்லா ஃபைலையும் வேறு இடத்தில் நகல் எடுங்கள்.
2. உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். லினக்ஸைப் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், பிரிண்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.
3. தமிழ் ஃபைல்களை யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள். டைப் செய்ய அமைப்புகளில் 'தமிழ்99' கீபோர்டைச் சேருங்கள்.
4. தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவதுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து என்னைக் கேளுங்கள். எனக்கும் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம். பிரிண்டருக்கு வழி தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்!