ஊர் மாறினாலும் பயிற்சி நிற்கக் கூடாது

கோயமுத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு, பெரியம்மா எழுதுவது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உனக்கு ஆனைமலை வட்டாரத்தில் பிசியோ வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். ஒப்பந்த வேலைதானே என்று உங்கப்பா கவலைப்படுவது நியாயம்தான். நானும் அப்படிப்பட்ட வேலைகளில் பல ஊர் சுற்றியவள்தான். நாம் ஊர் மாறிப் போகலாம், நோயாளியின் பயிற்சி நம்மோடு நின்றுவிடக் கூடாது. முதல் நாளிலிருந்தே அதை மனதில் வைத்து வேலை செய் கண்ணு.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. படுக்கையில் கிடப்பவரைத் தேடி நர்ஸும் பிசியோவும் போகிறார்கள். இதன் அருமை ஆனைமலைப் பக்கம் போனால் தெரியும். தென்னந்தோப்புக்குள் தனித்தனியாகச் சாளைகள், பஸ் ஏற இட்டேரியில் வெகுதூரம் நடக்க வேண்டும். பக்கவாதம் வந்தவரை வாரத்துக்கு மூன்று தடவை கார் வைத்துப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போக எத்தனை குடும்பத்தால் முடியும்?

வாதத்தில் கைகால் திரும்புவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். ஆனால் ஒரே வீட்டுக்கு உன்னால் தினமும் போக முடியாது. அதனால் மருமகளோ பேரனோ, வீட்டில் ஒருவரைப் பழக்கு. நீ செய்துகாட்டினால் போதாது, அவர் கையால் செய்யவிட்டுப் பார். விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு இறங்கிவிடும். தோள்பட்டைக்குப் பின்னால் கைகொடுத்துத் தூக்கச் சொல். குழிவிழுந்த கயிற்றுக்கட்டிலிலேயே கிடந்தால் இடுப்பும் முழங்காலும் மடங்கி இறுகிப்போகும். பலகைக் கட்டிலுக்கு மாற்றச் சொல். மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவரை ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு நீவ விடாதே. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே டாக்டரிடம் அனுப்பு.

தோட்டத்தில் உழைத்த பெரியவர்களுக்கு "நீட்டுங்க, மடக்குங்க" என்றால் சலித்துப்போகும். "மாட்டுத்தொட்டி வரைக்கும் போயிட்டு வரலாங்களா அப்பாரு?" என்று கேள். காரியம் இருந்தால் கால் தானே எட்டுவைக்கும்.

மாத்திரை கொண்டுவரும் மகளிர் தன்னார்வலர் உள்ளூர்க்காரர். நீ போன பிறகும் அந்த வீட்டுக்கு அவர் போவார், ஆகவே பயிற்சிகளை அவருக்கும் சொல்லிக்கொடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கட்டும். முதல் நாள் என்ன முடிந்தது, இப்போது என்ன முடிகிறது, எதைச் செய்யவே கூடாது என்று தமிழில் எழுது. அடுத்து வரும் பிசியோ அங்கிருந்து தொடங்கிக்கொள்வார்.

உன்னையும் பார்த்துக்கொள். தாழ்ந்த கட்டிலருகே இடுப்பை வளைத்துத் தூக்காமல் மண்டியிட்டு வேலை செய். தனியாகப் போக மனசு ஒப்பாத வீட்டுக்குத் தன்னார்வலரோடு போ. நியமன ஆணை, நீட்டிப்பு ஆணை எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள், ஒப்பந்தம் முடியும்போது அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிடு.

ஒப்பந்தம் முடியப்போவது தெரிந்தால் ஒரு மாதம் முன்பே வீடுவீடாகச் சொல்லிவிடு. திடீரென்று நின்றுவிட்டால், தங்களைக் கைவிட்டுவிட்டதாக நினைத்துப் பயிற்சியையே விட்டுவிடுவார்கள். கடைசித் தடவை போகும்போது நீ ஒன்றும் செய்யாதே, வீட்டுக்காரர்களே முழுப் பயிற்சியும் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்திவிட்டு வா. உங்கப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். தைரியமாகப் போய் வேலையில் சேர் சாமி.

அன்புடன்,
உன் பெரியம்மா