பரணில் இருந்து இறங்கிய பொம்மை: விற்பதா, வைத்துக்கொள்வதா?



இந்த மாதப் பாடத்தின் தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். வட்டி, வரதட்சணை, சொத்துத் தகராறு என்று பேச எவ்வளவோ இருக்க, பொம்மையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சொத்துத் தகராறைப் பற்றித்தான் இங்கேயும் எழுதுகிறோம். சொத்து மட்டும் கொஞ்சம் சிறியது.

கூனிமேட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய ஓட்டு வீடுகளை இடித்துத் தளம் போடும்போது பரணில் இருந்த தகரப் பெட்டிகளும் கீழே இறங்குகின்றன. சிங்கப்பூர், மலேசியா, சவூதி, குவைத் என்று சபுர் போய் வந்த வாப்பாமார்கள் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த சாவி கொடுக்கும் ரயில், தகரக் கார், உள்ளங்கையில் அடங்கும் லாரி எல்லாம் அதில் கிடக்கும். பழைய தூண், கதவு, பித்தளை அண்டா கேட்டு வருகிற வியாபாரிகள் இப்போது பொம்மையும் கேட்கிறார்கள். அதனால் இரண்டு விதமான முறையீடுகள் எங்களிடம் வருகின்றன. "சில்லறைக் காசுக்குக் கொடுத்துவிட்டோம், அதன் விலை ஆயிரக்கணக்கில் என்று பிறகுதான் தெரிந்தது" என்பது ஒன்று. "நான் ஊரில் இல்லாதபோது என் பொம்மையை யாரைக் கேட்டு விற்றார்கள்?" என்பது இன்னொன்று. முதலாவதில் காசு நஷ்டம். இரண்டாவதில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே நின்றுவிடுகிறது.

எல்லாப் பழைய பொம்மைக்கும் விலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விலை போவது எது என்று அறிய பொம்மையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படிக்க வேண்டும். உதாரணமாக, லண்டனில் லெஸ்னி என்ற கம்பெனி 1953 முதல் 'மேட்ச்பாக்ஸ்' என்ற பெயரில் சிறு உலோக வண்டிகளைச் செய்தது. தீப்பெட்டி அளவு அட்டைப்பெட்டியில் வந்ததால் அந்தப் பெயர். அந்தக் கம்பெனி 1982இல் நொடித்துப்போனது. ஆகவே அடியில் லெஸ்னி, இங்கிலாந்து என்று பொறித்திருந்தால் அந்த வண்டிக்கு வயது நாற்பதுக்கு மேல். இங்கிலாந்தின் லிவர்பூலில் 'டிங்கி' வண்டிகளைச் செய்த ஆலை 1979இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே அதன் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி' என்ற பெயரில் நம் நாட்டிலேயே வண்டிகள் வார்க்கப்பட்டன. அவற்றைத் தேடுகிறவர்களும் உண்டு.

சபுர் போகாத வீடுகளிலும் இப்படிப்பட்டவை கிடைக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கியது. அது இங்கே செய்து விற்ற ஜி.ஐ. ஜோ சிப்பாய் பொம்மைகள் சிலவற்றின் நிறம் அமெரிக்கப் பொம்மைகளின் நிறத்திலிருந்து வேறுபட்டிருக்கும். அந்த வேறுபாட்டுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். பையன் கடற்கரை மணலில் புதைத்து விளையாடிய சிப்பாயை அமெரிக்காவில் ஒருவர் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்!

யாருடையது?

விற்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் வீடுகளில் கேட்கப்படாத கேள்வியும் இதுதான். வீட்டில் இருக்கிற எல்லாமே பெரியவர்களுடையது என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. ஷரீஅத் அப்படிப் பார்ப்பதில்லை. பால்குடி மறவாத குழந்தைக்கும் சொந்தமாகச் சொத்து இருக்கலாம். குழந்தையின் வலியாக வாப்பா அதைப் பாதுகாக்கிறார், அவ்வளவுதான்.

வாப்பா ஒரு காரை வாங்கிவந்து "இது உனக்கு" என்று மகன் கையில் கொடுத்திருந்தால் அது ஹிபா, அன்பளிப்பு. அது மகனுடையது. மாறாக, "எல்லாரும் விளையாடுங்கள்" என்று கூடத்தில் வைத்திருந்தால் அது அனுமதி மட்டுமே. பொருள் வாப்பாவுடையதாகவே இருக்கிறது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். வாப்பா மவுத்தான பிறகு இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மகனுக்குக் கொடுத்தது மகனுக்கு மட்டும். அனுமதியாக வைத்திருந்தது தர்க்கா, அதாவது மய்யித்து விட்டுச்சென்ற சொத்து. அதில் கஃபன், அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக மீதியில் உம்மாவுக்கும் பங்கு உண்டு, கட்டிக்கொடுத்த மகளுக்கும் பங்கு உண்டு. "பொம்மையில் என்ன பங்கு?" என்று மகள்களிடம் சொல்லாதீர்கள். பங்கு சிறிதோ பெரிதோ அல்லாஹ் விதித்தது என்று சூரத்துன்னிஸாவின் 7ஆம் வசனம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கொடுத்த அன்பளிப்பை வாப்பா திரும்ப எடுக்கலாமா? பொருள் பிள்ளையின் உடைமையிலேயே இருக்கும்வரை பெற்றோர் திரும்பப் பெறலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. நெருங்கிய இரத்த உறவினருக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. எது எப்படியானாலும், மகன் வளர்ந்து ஆளாகிவிட்ட பிறகு அவனைக் கேட்காமல் அவன் பொருளை விற்கும் உரிமை அண்ணனுக்கோ மாமாவுக்கோ எந்த மத்ஹபிலும் இல்லை. பெருநாளைக்கு ஊர் வரும்போது கேட்கலாம், அதற்கு முன் வேண்டுமென்றால் ஒரு போன் போதும். எத்தீம் பிள்ளைகளின் பொருளாக இருந்தால் இன்னும் பயந்து நடக்க வேண்டும். அவர்களின் சொத்தை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பை உண்கிறார் என்று அதே சூராவின் 10ஆம் வசனம் எச்சரிக்கிறது. அங்கே சொத்தின் அளவு எதுவும் சொல்லப்படவில்லை.

வாசலில் வந்து கேட்கும் விலை

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் வெளியூரிலிருந்து சரக்கு ஏற்றி வருகிறவர்களைச் சந்தைக்கு வரும் முன்பே வழியில் மறித்துச் சிலர் மலிவாக வாங்கிக்கொள்வார்கள். சந்தை நிலவரம் விற்பவருக்குத் தெரியாது என்பதுதான் அவர்களின் லாபம். இதை நபியவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டிருந்தால், விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் அந்த வியாபாரத்தை முறிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு என்றார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் இந்த ஹதீஸ் இருக்கிறது. வீட்டு வாசலில் நடக்கும் பழம்பொருள் வியாபாரமும் இதுவும் அப்படியே ஒன்று என்று நாங்கள் ஃபத்வா சொல்லவில்லை. அது ஆலிம்களின் வேலை. ஆனால் காரணம் ஒன்றுதான் என்பது யாருக்கும் விளங்கும். வாங்குகிறவருக்கு விலை தெரிகிறது, விற்கிற பெண்மணிக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் ஆண்கள் இல்லாத பகல் நேரத்தில்தான் அவர்கள் வருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இதற்கு மார்க்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்த ஒரு நபித்தோழருக்கு, "ஏமாற்று இருக்கக் கூடாது" என்று சொல்லி வியாபாரம் செய்யும்படி நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று நாள் அவகாசமும் அவருக்கு இருந்தது. ஃபிக்ஹில் இதற்குக் கியாருஷ் ஷர்த் என்று பெயர். நம் பெண்கள் இதைத் தைரியமாகச் சொல்லலாம்: "காசு இருக்கட்டும், மூன்று நாளில் முடிவு சொல்கிறோம். அதுவரை பொருள் எங்கள் வீட்டில் இருக்கும்." நேர்மையான வியாபாரி ஒத்துக்கொள்வார். "இப்பவே கொடுத்தால்தான்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

அந்த மூன்று நாளில் என்ன செய்வது? இணையத்தில் ஒருவர் 40,000 ரூபாய் என்று போட்டிருப்பார். அதைப் பார்த்து மனக்கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஏல விற்பனைத் தளங்களில் விற்றுமுடிந்தவற்றின் விலையைத் தனியாகப் பார்க்க வசதி உண்டு, பிள்ளைகளிடம் சொல்லி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வண்டிக்கு அட்டைப்பெட்டி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. சக்கரம் மாற்றியிருந்தால், பெயிண்ட் அடித்திருந்தால் விலை விழும். அதனால் விற்கப் போகிறோம் என்று பளபளப்பாக்க வேண்டாம். சோப்பு போட்டு ஊறவைக்கவும் வேண்டாம். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

விற்கும்போது நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். மேலே காய்ந்த தானியமும் உள்ளே நனைந்ததுமாக வைத்து விற்றவரை நபியவர்கள் கண்டித்த ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். சாவி உடைந்திருந்தால், ஒரு சக்கரம் வேறு வண்டியுடையதாக இருந்தால் சொல்லித்தான் விற்க வேண்டும். ஏலத்தில் விற்கும்போது மச்சானை விட்டு விலையை ஏற்றிக் கேட்கச் செய்வது நஜ்ஷ், தடுக்கப்பட்டது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் பெட்டியில் அவ்வளவு பழையது இருப்பது அபூர்வம்.

ஜக்காத்தைப் பற்றியும் கேட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு இருந்த பொம்மைக்கும் வாரிசாக வந்த பொம்மைக்கும் ஜக்காத் இல்லை. விற்றுவந்த பணம் மற்ற பணத்தோடு நிஸாபை எட்டி ஒரு வருடம் நின்றால் இரண்டரை சதவீதம். இதையே தொழிலாக்கி, விற்பதற்கென்றே பொம்மை வாங்குகிற வாலிபர்களுக்கு அது வியாபாரச் சரக்கு. வருடக் கடைசியில் சந்தை விலையைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

வைத்துக்கொள்வதென்றால்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சிறுவயதில் பொம்மைகள் இருந்தன. அவற்றில் துணியால் ஆன இறக்கை வைத்த குதிரை ஒன்றும் இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அவர்கள் பதில் சொன்னார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. உருவப்பொம்மை விஷயத்தில் பிள்ளைகளின் விளையாட்டுக்கு விலக்கு உண்டு என்று பெரும்பாலான உலமாக்கள் சொல்வதற்கு இதுவும் ஓர் ஆதாரம். அந்த விலக்கு விளையாட்டுக்குத்தான். மனித உருவப் பொம்மையை அலங்காரமாக அலமாரியில் அடுக்குவது வேறு விஷயம், அதை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கார், கப்பல், ரயிலுக்கு இந்தப் பேச்சே இல்லை.

பின்னால் விலை ஏறும் என்று மட்டும் வைத்திருப்பதை நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம். அமெரிக்காவில் 1990களின் கடைசியில் 'பீனி பேபி' என்ற துணிப் பொம்மைகளை ஜனங்கள் தங்கம் போல வாங்கிக் குவித்தார்கள். 1999இல் லாஸ் வேகஸில் விவாகரத்தான ஒரு தம்பதி நீதிமன்றத் தரையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாங்கிய விலைகூட இல்லாமல் போனது.

அதிலும் நம் ஊர் உப்புக்காற்று யாருக்கும் தயவு காட்டாது. மரக்காணம் உப்பளத்துக்கு உகந்த காற்றும் வெயிலும் தகரத்துக்கு ஆகாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். வைப்பதென்று முடிவு செய்தால் பேட்டரியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே அரித்துவிடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல், காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள்.

கடன் இருக்கிற வீட்டில் நாங்கள் தயங்காமல் விற்கச் சொல்வோம். மவுத்தானவரின் கடனாக இருந்தால் நினைவுப்பொருள் என்று அதைத் தள்ளிப்போட இடமே இல்லை. கடன் இல்லாத வீட்டில், வாப்பாவின் கை பட்ட ஒரு வண்டியைப் பேரன் உருட்டி விளையாடட்டும். கீறல் விழுந்தால் விலை குறையும், குறையட்டும்.

ஒருவர் விற்கவும் ஒருவர் வைக்கவும் விரும்பினால் சண்டை தேவையில்லை. ஒரு கணக்குப் பாருங்கள். தர்க்காவாக வந்த பெட்டியின் நியாய விலை 16,000 ரூபாய். வாரிசுகள் உம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் மட்டும். உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 2,000. மீதி 14,000இல் மகன்களுக்கு ஆளுக்கு 5,600, மகளுக்கு 2,800. பெட்டியை இளையவர் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தன் பங்கு போக 10,400 ரூபாயை மற்ற மூவருக்கும் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். விலையை அவர் மட்டும் சொல்லாமல் விவரம் தெரிந்த வெளியாள் ஒருவரை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். உம்மாவோ லாத்தாவோ தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக இருந்தால், பணத்தை முதலில் அவர் கையில் வைத்துவிட்டு, பிறகு அவர் மனமுவந்து திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.